பெரிய பொய்மீனுக்கு ஒரு கோல்

1

இந்த நாட்டில் வந்து இறங்கி இருபத்திரண்டு வருடம் நிறைந்த நாளை நான் ஒரு மீன்பிடிச் சாமான் கடையில் கழித்தேன். மற்ற வருடங்களில் அன்று வசந்தா பாயசம் வைப்பாள். இருவரும் சாப்பிட்டுவிட்டு, வந்தது சரியா தவறா என்று சற்று நேரம் வாதாடுவோம். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் தீர்ப்பை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைப்போம். இந்த வருடம் பாயசம் இல்லை. அவள் பட்டியல் எழுதிக் கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டாள். பட்டியலில் கொத்தமல்லி, தயிர் ஆகியவற்றுக்குக் கீழே ‘தூண்டில், பெரிய மீனுக்கு’ என்று இருந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். திருவாரூருக்குக் கிழக்கே, ஓடம்போக்கி ஆற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம் எனக்கு. கனடாவில் ஒரு நகராட்சியில் வரைபடம் போடுகிறேன். காவிரிப் படுகையில் பிறந்தவனுக்குத் தண்ணீரை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அனுப்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். அவர்கள் சிரித்து, வேலை கொடுத்தார்கள். அது எந்தத் தண்ணீர் என்பதைச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். ஊருக்கு எழுதும்போது ‘பொறியாளர்’ என்று எழுதுகிறேன். சாக்கடையும் பொறியியல்தான்.

கடைக்காரர் சட்டையில் டக் என்று பெயர் தைத்திருந்தது. என்னைப் போலவே ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். மீன் பிடிக்க ஒரு குச்சி வேண்டும் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் உண்டு என்பது தெரியும். அவசரத்தில் ஊர்ச் சொல் முந்திக்கொண்டது. என் ஆங்கிலம் அப்படித்தான். அலுவலகத்தில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கும், கடைத்தெருவுக்கு வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளும். டக் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. “குச்சிகள் உள்ளே இருக்கின்றன, வாருங்கள்” என்றார்.

“என்ன மீன்?”

“மஸ்கி.”

அவர் நின்று என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். மஸ்கி என்பது இங்கே வடக்கு ஏரிகளில் இருக்கும் மீன். நம் ஊர் விராலுக்கு முதலை வீட்டில் சம்பந்தம் பேசி முடித்தால் என்ன பிறக்குமோ அது. நான்கடி வளரும். நாள் முழுக்க எறிந்தாலும் முகம் காட்டாது. அதைப் பிடிக்கப் புறப்படுகிறவர்களை மற்ற மீன்காரர்கள் நாம் சாமியாடிகளைப் பார்ப்பது போல மரியாதையோடும் சந்தேகத்தோடும் பார்க்கிறார்கள்.

“எவ்வளவு எடையை எறியப் போகிறீர்கள்?” என்றார்.

இது நான் எதிர்பாராத கேள்வி. எங்கள் ஊரில் தூண்டிலை யாரும் எறிந்ததில்லை. மூங்கில் கழி நீளமாக இருக்கும், தங்கூசி நரம்பு அதே நீளம் இருக்கும், எட்டிய இடத்தில் தொங்கவிடுவோம். எட்டாத இடத்து மீன் அடுத்தவருடையது. டக் ஒரு பொய்மீனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மரத்தில் கடைந்தது. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளம், நடுத்தர மாங்காயின் கனம், வயிற்றில் இரண்டு இடத்தில் மும்முனை முள். இதை எறிகிறவரை மீன் மதிக்கும் என்றார்.

கோலைத் தேர்ந்தெடுப்பதில் முதல் பாடம், கோலைப் பார்க்காமல் எறியப்போகும் பொருளைப் பார்ப்பது. பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் ஒவ்வொரு கோலிலும் இந்த எடையிலிருந்து இந்த எடை வரை என்று எழுதியிருக்கிறார்கள். மாங்காய் கனத்தை மெல்லிய கோலில் கட்டி வீசினால் கோல் முதலில் போகும், பின்னாலேயே நம் மானம் போகும். உலக்கை போன்ற கோலில் சின்னதைக் கட்டினால் கோல் வளையாது. வளையாத கோல் எறியாது. எறிவது நம் கை இல்லையாம். பின்னால் கொண்டுபோகும்போது பொய்மீனின் கனத்தில் கோல் நுனி வளைகிறது, நிமிரும்போது அதுவே எறிகிறது. நாம் நடுவில் வந்து காரியத்தைக் கெடுக்காமல் இருந்தால் போதும். எங்கள் நகராட்சியில் மேலதிகாரிகளின் வேலையும் இதுதான்.

நீளம் எட்டடி வேண்டும் என்றார். ஆறடியில் அழகான ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். காரில் வைக்க வசதி. அவர் தலையை ஆட்டினார். மஸ்கி பொய்மீனைத் துரத்திக்கொண்டு படகின் விளிம்பு வரை வரும், கடிக்காது, பார்த்துக்கொண்டே நிற்கும். அப்போது பொய்மீனை வெளியே எடுக்கக் கூடாது. கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டுப் போட வேண்டும். நம் ஊரில் லைசென்ஸ் வாங்க ஸ்கூட்டரில் போடும் அதே எட்டு. ஆறடிக் கோலில் போட்டால் எட்டு நெருங்கி விழும், மீனால் திரும்ப முடியாது. திருவாரூரில் நான் ஸ்கூட்டரில் போட்ட எட்டில் நடுவில் நின்ற லைசென்ஸ் அதிகாரியாலும் திரும்ப முடியவில்லை என்பதால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. எட்டடி எடுத்தேன். பிடி இரண்டு கைக்கும் இடம் கொடுக்கும்படி நீளமாக இருந்தது.

ரீல் அடுத்தது. இரண்டு சாதி இருக்கின்றன. ஒன்றில் நரம்பு தானாகவே உதிர்ந்து போகும், சிறுபிள்ளையும் எறியலாம். ஆனால் இந்தக் கனத்தை இழுக்க அது லாயக்கில்லை. மற்றது கோலின் மேல் உட்காரும் உருளை. எறியும்போது உருளை சுழலும், அதன் மேல் கட்டைவிரலை வைத்து அடக்க வேண்டும். பொய்மீன் தண்ணீரைத் தொடும் நேரத்தில் விரலை அழுத்தாவிட்டால் பொய்மீன் நின்றுவிடும், உருளை நிற்காது, நரம்பு சிக்கிக் கையில் குருவிக்கூடு கட்டும். பற்சக்கரத்திலும் இரண்டு வகை. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்று சுற்றுவது ஒன்று, ஐந்து சுற்று சுற்றுவது ஒன்று. வேகம் வேண்டும் என்று ஏழைக் கேட்டேன்.

“பெரிய பொய்மீன் தண்ணீரில் இழுக்கும். வேகம் கிடைக்கும், மாலைக்குள் தோள் போய்விடும்” என்றார் டக்.

டிராக்டரைச் சேற்றில் இறக்கியவனுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஐந்து எடுத்துக்கொண்டேன். பின்னல் நரம்பு, மீனின் பல் அறுக்காமலிருக்க முனையில் கட்டும் கம்பி, நீண்ட மூக்குக் குறடு எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினார். கடைசியாக இரும்புக் கம்பி வெட்டும் கத்திரி ஒன்றை வைத்தார்.

“இது மீனுக்கா?”

“இல்லை, உங்களுக்கு” என்றார். “முள் உங்கள் கையில் ஏறும்போது.”

ஏறினால் என்று சொல்லவில்லை.

2

இத்தனையும் எதற்கு என்றால், எங்கள் ஒரே மகள் கயல்விழிக்காக. இருபத்து நான்கு வயது. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட நாட்களில் எங்கள் பக்கத்தில் மேடைப் பேச்சிலிருந்துதான் பெயர் வைப்பார்கள். ஆட்சி அப்படி, காற்று அப்படி. மீனைப் போன்ற கண் என்று பொருள் சொல்லி வைத்தோம். அவள் கண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மருந்தியல் படிப்பில் கடைசி வருடத்துக்கு முன் கோடை விடுமுறைக்கு வடக்கே ஒரு ஏரிக்கரை விடுதியில் அறை துடைக்கும் வேலைக்குப் போனாள். விடுமுறை முடிந்தது, அவள் வரவில்லை. இப்போது வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். தமிழ்ச் சங்கத்தில் யாராவது விசாரித்தால், “வடக்கே நீர்வளத்துல இருக்கா” என்று வசந்தா சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் அரசாங்க வேலை என்று நினைத்து அடுத்ததாகச் சம்பளத்தைக் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வசந்தா அவளோடு போனில் பேசுவாள். நான் பேசுவதில்லை. கோபம் என்று நினைக்க வேண்டாம், நான் காத்திருந்தேன். குளிர் அவளுக்கு அலுக்கும், மீன் அலுக்கும், தானாக வருவாள். வந்த பிறகு ஒன்றும் கேட்கக் கூடாது என்று கூட முடிவுசெய்து வைத்திருந்தேன். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

கோடைத் தொடக்கத்தில் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் கடைசிக்குள் மறுசேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், தவறினால் முதலிலிருந்துதான். வசந்தா அன்றே போன் செய்தாள். மறுமுனையிலிருந்து பதில் வந்தது: அப்பா வரட்டும், பேசலாம். இரண்டு நிபந்தனை. சொந்தக் கோலோடு வர வேண்டும், விடுதிக் கோல் வாடிக்கையாளருக்கு. படகில் கல்லூரியைப் பற்றிப் பேசக் கூடாது.

கோலோடு நான் வீட்டுக்கு வந்தபோது வசந்தா படிவத்தை உறையில் போட்டு வைத்திருந்தாள்.

“பிடிச்சு என்ன பண்ணுவீங்க?”

“திருப்பி விட்டுடணுமாம்.”

“அதுக்கா ஒம்போது மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டுப் போறீங்க?”

“கையெழுத்து வாங்கத்தான் போறேன்.”

“அப்ப மீனை விட்ருங்க, பரவால்ல. அவளை விட்டுட்டு வந்து நிக்காதீங்க.”

மீன் பிடிக்க உரிமச் சீட்டும் வேண்டியிருந்தது. கண்ணின் நிறம் என்ற இடத்தில் ‘கறுப்பு’ என்று எழுதினேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அதை அடித்து ‘பழுப்பு’ என்று எழுதினார். கறுப்பு என்று ஒரு கண் கிடையாது என்றார். ஐம்பது வருடம் ஒரு நிறத்தில் பார்த்துவிட்டு வேறு நிறத்தில் வெளியே வந்தேன். உலகம் அப்படியேதான் இருந்தது.

ஊரில் மீன் பிடிக்கச் சீட்டு கிடையாது. மிராசுதாரின் காரியக்காரர் அன்றைக்கு எப்படிக் காப்பி குடித்தார் என்பதுதான் சீட்டு.

3

விராலை நாங்கள் பிடிக்கும் முறை ஊருக்கு வெளியே தெரியாது என்பதால் சொல்கிறேன். உயிருள்ள தவளையை முதுகுத் தோலில் முள் குத்திக் கட்டுவோம். கோரை ஓரமாக, தண்ணீர் மேல் தவளை நீந்துகிற மாதிரி கழியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விரால் கீழேயிருந்து ‘டப்’ என்று அடிக்கும். தவளை மறையும். புதியவன் அந்த நொடியில் இழுப்பான், தவளை மட்டும் கரைக்கு வரும். ஏனென்றால் விரால் முதலில் பிடிக்கிறது, விழுங்குவதில்லை. வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் போகும், நிற்கும், தவளையைத் தலைப்பக்கம் திருப்பும், பிறகுதான் உள்ளே தள்ளும். அதுவரை கழியைத் தாழ்த்தி நரம்பைத் தொய்வாக விட்டுப் பதினைந்து எண்ண வேண்டும். எங்கள் தெருவில் எல்லோரும் எண்ணுவார்கள். என் அப்பா இருபது எண்ணுவார்.

அப்பா அரை வேலி நிலத்தைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் அதே நிலத்தைத்தான் செய்தார். எழுத்து எதுவும் கிடையாது. நான் கல்லூரியில் சேர்ந்த சமயத்தில், புது ஆட்சியில், உழுகிற குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறினால் வெளியேற்ற முடியாது. ஊரே கொதித்தது. ஒரு பக்கம் கூலி கேட்டு அறுவடை நிறுத்தம், ஒரு பக்கம் வெளியூர் ஆள் இறக்கி அறுப்பு, மதகடியில் நாலு நிறத்தில் கொடி, ஆலமரத்தடியில் போலீஸ் வண்டி. மனுப் போட்டவர்கள் சிலருடைய நாற்றங்காலில் இரவோடு இரவாக மாடு இறங்கியது. மனுப் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர்களை அடுத்த நடவில் நிலத்திலேயே இறங்க விடவில்லை.

காரியக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

“தங்கராசு, நீ பேரு குடுக்காத. ஐயா உன்னைக் கைவிட மாட்டாரு. ஆயுசுக்கும் நீயே செஞ்சுக்க. வாய் வார்த்தை போதாதா?”

“யோசிச்சு சொல்றேங்க” என்றார் அப்பா.

குறுவை முழுக்க யோசித்தார். சம்பா நட்டு யோசித்தார். காரியக்காரர் ஐந்தாறு தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் வார்த்தை கொஞ்சம் இனித்தது. மனுப் போட்ட குத்தகைக்காரர்கள், “என்னண்ணே, நீங்க அந்தப் பக்கமா இந்தப் பக்கமா?” என்று கேட்டார்கள். அவர்களிடமும் யோசிப்பதாகச் சொன்னார். பதிவு விசாரணையின் கடைசி நாளில், வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதிவு அதிகாரி உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெயரைக் கொடுத்தார். மாடு இறக்கவும் ஆள் இறக்கவும் மிராசுதார் பக்கத்துக்கு நேரமே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் சும்மா இருப்பது ஒரு திறமையாக மதிக்கப்பட்டது. அந்த நிலத்தை இப்போது என் தம்பி செய்கிறான். நான் அதை உழ ஆசைப்பட்டதே இல்லை. எனக்காகத்தான் அப்பா பெயரை ஏற்றினார் என்று அம்மா ஒருமுறை தம்பியைக் கடிதத்தில் எழுதச் சொல்லியிருந்தாள். பதில் எழுத யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அப்பா போய்விட்டார்.

4

ஏரி அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கயல்விழி படகுத்துறையில் நின்றிருந்தாள். முடியை வெட்டியிருந்தாள், கையெல்லாம் சிறு சிறு கீறல். என்னைப் பார்க்கும் முன் கோலைப் பார்த்தாள். உறையிலிருந்து உருவி நுனியை வளைத்தாள், ரீலின் கைப்பிடியைச் சுற்றினாள்.

“யாருப்பா எடுத்துக் குடுத்தா?”

“நானேதான்.”

“பொய் சொல்லாதீங்க.”

“கடைக்காரரும் கூட இருந்தாரு.”

“நல்ல ரீல். எல்லாரும் ஸ்பீடா இருக்கறதை வாங்கிட்டு வந்து சாயங்காலம் தோளைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க.”

சேற்று உழவுக்கு எந்த கியர் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த முதல் பாராட்டை விளக்கிக் கெடுத்துக்கொள்வானேன்.

காலை முழுவதும் எறிந்தேன். முதல் மணி நேரத்தில் நான்கு குருவிக்கூடு கட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள். “கட்டைவிரலைத் தூக்காதீங்க. அது தண்ணியைத் தொடறப்ப அழுத்துங்க” என்றாள். பிறகு கை பழகியது. பொய்மீன் தண்ணீரில் விழும் சத்தத்தை நானே ரசிக்கத் தொடங்கினேன். படகோரத்தில் எட்டுப் போட்டேன். ஒருமுறை கீழே பச்சை நிழல் ஒன்று பின்னாலேயே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வேண்டாம் என்று முடிவெடுத்துத் திரும்பியது. உறை என் சட்டைப் பைக்குள் குத்திக்கொண்டிருந்தது. நிபந்தனை நிபந்தனைதான். வானிலை, என் ரத்த அழுத்தம், வசந்தாவின் முழங்கால் எல்லாம் பேசினோம்.

மதியம் ஒரு பாறை முனையைத் தாண்டி எறிந்தேன். பொய்மீன் மேலாகப் பொளக் பொளக் என்று வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் தண்ணீர் பிளந்தது. கதவை ஓங்கிச் சாத்தின மாதிரி சத்தம். பொய்மீனைக் காணோம்.

நான் கோலைத் தாழ்த்தினேன். நரம்பைத் தொய்வாக விட்டேன். எண்ணத் தொடங்கினேன்.

“கோலைச் சுண்டி அடிங்கப்பா” என்றாள் கயல்விழி.

மூன்று. நான்கு.

“அப்பா, அடிங்க. அடிங்கங்கறேன்ல.”

“இரும்மா” என்றேன். ஆறு. ஏழு.

எட்டில் பொய்மீன் மேலே வந்து மிதந்தது. அலை வட்டம் பெரிதாகிக்கொண்டே போய்ப் படகைத் தொட்டது. அவள் இரண்டு கையையும் தலையில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“அம்பது இஞ்ச் இருக்கும். இந்த சீசன்ல யாருக்கும் அது வரல. ரெண்டு மாசமா அந்தப் பாறைக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்.” தலையிலிருந்து கையை எடுத்து, “என்னப்பா பண்ணினீங்க?” என்றாள். கோபத்தைவிட ஆராய்ச்சிதான் குரலில் அதிகம் இருந்தது. வாடிக்கையாளர்களிடம் அவள் பார்த்திராத தவறு போலிருக்கிறது.

விராலைப் பற்றிச் சொன்னேன். பிடிப்பது, போவது, திருப்புவது, விழுங்குவது. பதினைந்து என்றேன். தாத்தா இருபது என்றேன்.

“அது தவளைப்பா. உயிரோட இருக்கும், ருசியா இருக்கும், அதனால வாயில வச்சுக்கும். இது மரக்கட்டை. கடிச்ச உடனேயே அதுக்குத் தெரிஞ்சு போயிரும். ஒரு செகண்டு. நீங்க அதுக்குள்ள அடிக்கலேன்னா துப்பிட்டுப் போயிட்டே இருக்கும்.”

நான் பொய்மீனைச் சுற்றிக்கொண்டுவந்து படகில் போட்டேன். மரத்தில் புதிதாகப் பல் பதிந்திருந்தது.

“அம்மா சொன்னாங்க,” என்றாள் அவள், மோட்டாரைப் பார்த்துக்கொண்டு. “அப்பாவுக்குக் கோவமெல்லாம் இல்ல, வெயிட் பண்றாருன்னு. ரெண்டு வருஷமா. எதுக்கு வெயிட் பண்றீங்க? நான் முழுங்கறதுக்கா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது.

“முதல் ஆறு மாசம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அம்மா பேசி முடிச்சதும் நீங்க வாங்குவீங்கன்னு லைன்லயே இருப்பேன். அப்பறம் நானும் வச்சுட ஆரம்பிச்சேன்.”

மோட்டாரைக் கிளப்பினாள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பது இருவருக்கும் வசதியாக இருந்தது.

5

துறையில் கால் வைத்ததும் நான் உறையை எடுத்து நீட்டினேன். எண்ணவில்லை.

“படகை விட்டு எறங்கியாச்சு. உங்கம்மா குடுத்தனுப்பினது. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு, இல்ல போடாத. போடலேன்னா அம்மாகிட்ட நீயே சொல்லிடு, என்னைச் சொல்ல வைக்காத. ஒண்ணு மட்டும் நானே சொல்லிடறேன். போனை வாங்காதது என் தப்பு.”

நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். மடித்தாள். “இல்லப்பா” என்று சொல்லிவிட்டு விடுதி அலுவலகத்துக்குள் போய்ப் போனை எடுத்தாள். நான் வெளியே மரப்பலகைமேல் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் “இல்லம்மா... இல்லம்மா, கேளு...” என்று கேட்டுக்கொண்டிருந்தது. கண் சிவந்து வெளியே வந்தாள்.

“அம்மா உங்களைத் திட்டறாங்க.”

“எதுக்கு?”

“ஃபாரத்தைக் குடுத்த விதம் சரியில்லையாம்.”

நான் என்ன நினைத்தேன் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்பது மணி நேரம் ஓட்டி வந்த வேலை ஒரு சொல்லில் முடிந்தது, பசித்தது. உள்ளே போனோம். விடுதியின் சொந்தக்காரர் வால்டர் சூப்புக் கிளறிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர், இளம் வயதில் பின்லாந்திலிருந்து வந்தவர், இரண்டு முழங்காலும் போய்விட்டன. மகன்கள் நகரத்தில். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

சூப்புக்கு நடுவில் கயல்விழி சொன்னாள். “அடுத்த சீசன்லேருந்து வால்டர் எனக்கே இதை விடறார்ப்பா. எட்டு கேபின், ஆறு படகு, இந்தத் துறை எல்லாம். அஞ்சு வருஷம் லீஸ். அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்.”

குத்தகை. என் கரண்டி நின்றது.

“எழுத்துல இருக்கா?”

“கை குடுத்துட்டார்ப்பா.”

“கை குடுத்தா?”

“இங்கெல்லாம் அப்படித்தான். அவர் வார்த்தை மாற மாட்டார்.”

வால்டருக்குத் தமிழ் தெரியாது; ஆனால் முகம் புரிந்தது. என்ன விஷயம் என்றார். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நாற்பது வருடத்தில் எந்தப் பேச்சையும் தான் தாளில் எழுதியதில்லை, கைகொடுத்தால் முடிந்தது என்றார். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள், சொன்னவர்கள் எல்லோரும் நிலம் வைத்திருந்தவர்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, அடுப்பை அணைத்து, விடுதியின் கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து என் முன் வைத்தார். வேடிக்கை பார்க்கிற முகம்.

நான் எழுதினேன். முன்னே பின்னே குத்தகைப் பத்திரம் எழுதியவனில்லை. ஆனால் எழுதாமல் விட்டதால் என்னென்ன போகும் என்பதைச் சாப்பாட்டு வேளைகளில் கேட்டு வளர்ந்தவன். வால்டர் காலமானால் மகன்கள் இந்த ஐந்து வருடத்தை மதிக்க வேண்டும். துறைக்கு அவள் போட்ட பலகையைப் போகும்போது அவள் எடுத்துக்கொள்ளலாம், அல்லது அவர் ஈடு தர வேண்டும். நடுப் பருவத்தில் வெளியேறச் சொல்லக் கூடாது. கயல்விழி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தாள். முதலில் சங்கடமாக நெளிந்தாள். பிறகு, “படகு மோட்டார் ரிப்பேர் யாருன்னு போடுங்கப்பா” என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசியில், கை பழக்கத்தில், தண்ணீர் வராத வருடம் குத்தகை பாதி என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் அந்த வரி இல்லாமல் யாரும் குத்தகை பேச மாட்டார்கள்.

வால்டர் அதைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். சன்னலைத் திறந்து ஏரியைக் காட்டினார். அடிவானம் வரைக்கும் தண்ணீர். பனிமலைகள் உருகிய காலத்திலிருந்து இது ஒரு சாண் குறைந்ததில்லை என்றார். மேட்டூர் அணையைக் கட்டியவர்களும் நம்பிக்கையான ஆட்கள்தான் என்றேன். அவர் மறுபடியும் சிரித்தார். நான் அந்த வரியை அடிக்கப் போனேன்.

“இருங்கப்பா.” கயல்விழி என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். “தண்ணி இல்ல. பனி. போன வருஷம் மே மாசக் கடைசி வரைக்கும் ஏரியில உறைஞ்ச பனி உடையல. மூணு வாரம் படகை எறக்க முடியல. வந்தவங்கள்லாம் திரும்பிப் போயிட்டாங்க. எனக்கு அந்த மூணு வாரமும் சம்பளம் கெடையாது.”

“அப்ப அதையே எழுது.”

‘தண்ணீர்’ என்பதை அடித்தாள். மே மாதம் நடுப்பகுதிக்குள் ஏரியின் பனி உடையாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் குத்தகை குறையும் என்று எழுதி, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் உரக்கப் படித்தாள்.

வால்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கினார்.